மூன்று வந்தால் அமுக்காதே

மெல்பர்னுக்கு மேற்கே, ஆட்டுப் பண்ணைகள் சூழ்ந்த எங்கள் வில்லோரா ஊரில் ரெஜ் பாஸ்கோ என்று ஒருவன், நின்றபடியே தூங்கி, குறட்டையும் விட்டுக்கொண்டு, ஆயிரத்து இருநூற்று ஏழு ஆடுகளை எண்ணி முடித்தான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நடுவில் புகுந்து ஓடிய நாயைக்கூட அவன் ஆட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. குறட்டை அதிர்ச்சியில் கொட்டகைத் தகரம் ஆணியோடு பெயர்ந்து பறந்தது என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. ஆணி இரண்டுதான் பெயர்ந்தது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நம்பத் தொடங்கினார்கள். நம்பவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் ஒருவன்தான்: டகல் ஹார்க்னெஸ், ரெஜ்ஜின் மனைவி லோர்னாவுடைய அண்ணன். இதில் கூத்து என்னவென்றால், அது உண்மை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருந்த ஒரே ஆளும் அந்த டகல்தான்.

எங்கள் பக்கத்தில் ஆட்டு மந்தை கைமாறும்போது வாசலுக்கு இருபுறமும் ஒவ்வோர் ஆள் நிற்பான். வாசலைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் ஆடுகள் பீறிட்டு வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் தலை சுற்றிப்போகும். மூன்று மூன்றாகத்தான் எண்ணவேண்டும். கண் மும்மூன்றாக வெட்டி எடுத்துக்கொண்டே போகும். நூறு ஆனதும் இடது பையிலிருந்து ஒரு கூழாங்கல் வலது பைக்கு மாறும். முடிந்ததும் இருவரும் தங்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஆடு எண்ணினால் தூக்கம் வரும் என்று ஊர் உலகமெல்லாம் கேலி பேசுகிறது. எங்களுக்கு அதுதான் பிழைப்பு, அந்த வாசலில் நிற்பதுதான் மரியாதை. ரெஜ் அந்த இடத்தில் நிற்க ஆரம்பித்தபோது வாசல் கதவே மரமாகத்தான் நின்றிருக்கும், அவ்வளவு காலம். ஒருமுறையும் பிசகியதில்லை.

ஆனால் தூங்குவான். முடி வெட்டும் நாற்காலியில் தூங்குவான். பல் டாக்டர் துளை போடும்போது தூங்குவான். கல்யாணத்தில் பாதிரியார் கேட்ட கேள்விக்கு லோர்னா அவன் காலை மிதித்துத்தான் பதில் வரவழைத்தாள். செம்பட்டை முடிக்காரனை 'நீலம்' என்றும் பனைமர உயரத்தானைப் 'பொடியன்' என்றும் கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. அந்தத் தலைகீழ் வழக்கப்படி ரெஜ்ஜுக்கு 'உஷார்' என்று பெயர் வைத்தோம்.

இன்னொன்றும் உண்டு. சிரித்தால் விழுந்துவிடுவான். மயக்கமில்லை, நினைவு தப்பாது. முட்டி மட்டும் நனைந்த துணிபோலத் தொய்ந்துவிடும். பப்பில் யாராவது நகைச்சுவையைத் தொடங்கினால், அது முடிவதற்குள் அவன் பின்னால் நாற்காலியைத் தள்ளி வைத்துவிடுவோம். அவனை விழவைப்பதில் டகலை மிஞ்ச ஆளில்லை. ஒரு கண்ணைச் சிமிட்டியே சாய்த்துவிடுவான். இது ஒரு நோயாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோம்பேறி என்றோம். பியர் என்றோம். அவனும் ஆமாம் என்றான்.

மார்ச் மாதச் சந்தை அன்று, பல்லியும் நிழலைத் தேடும் வெயிலில், கடைசி மந்தை வாசலுக்கு வந்தது. ஒரு பக்கம் ரெஜ், எதிர்ப்பக்கம் டகல். பாதி மந்தை தாண்டியிருக்கும். ரெஜ்ஜின் மோவாய் மெல்ல மார்பில் இறங்குவதை டகல் பார்த்தான். கண் மூடியது. இமை கொஞ்சம் துடித்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது.

டகலுக்கு ஒரே குஷி. இப்போது விழப்போகிறான், பப்பில் ஒரு மாதத்துக்கு இது போதும் என்று நினைத்தபடி பார்த்தான். ரெஜ் விழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனின் இடது கை பைக்குள் போய் ஒரு கல்லை எடுத்து வலது பையில் போட்டது. மூன்று ஆட்டுக்கு ஒருதரம் அவன் சுட்டுவிரல் தொடையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது. டகல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். சற்றுப் பொறுத்து இன்னொரு கல் மாறியது. டகலுக்குச் சுயநினைவு வந்தபோது ஆடுகள் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை ஓடின என்று அவனுக்குத் தெரியாது.

வாசலைச் சாத்தினார்கள். சந்தைக் கமிட்டித் தலைவர் பெர்ஸ் டன்க்லி முதலில் டகலைத்தான் கேட்டார்.

"எவ்வளவு டகல்?"

தெரியலை என்ற ஒரு சொல் போதும். மந்தையை மறுபடி ஓட்டியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லை வாசலில் நின்று இதுவரை எவனும் சொன்னதில்லை. டகல் மனக்கணக்கில் ஒரு குத்துமதிப்பைப் பிடித்தான்.

"ஆயிரத்து இருநூத்திப் பத்து."

சத்தம் கேட்டு ரெஜ் திடுக்கிட்டு விழித்தான். எச்சிலைத் துடைத்தபடி, "ஆயிரத்து இருநூத்தி ஏழு" என்றான்.

"யோவ் உஷார், நீ தூங்கிட்டிருந்தே!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

சந்தையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லோர்னா பானையை வைத்துவிட்டு வந்தாள். "பையைப் பாருங்கய்யா. பன்னெண்டு கல் இருக்கா இல்லையா?"

இருந்தது. ஆனால் முதல் லாரி அதற்குள் மந்தையில் பாதியை ஏற்றிக்கொண்டு புழுதியைக் கிளப்பிப் போயிருந்தது. பெர்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கல்லு பழக்கத்துல மாறியிருக்கும் லோர்னா. முழிச்சிருந்தவன் சொல்றதை எடுக்கறதா, தூங்கினவன் சொல்றதை எடுக்கறதா? நீ சொல்லு டகல்."

"நான் முழிச்சுக்கிட்டுதான இருந்தேன்" என்றான் டகல்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைப் பிறகு தூங்கவிடவில்லை. அன்றோடு ரெஜ்ஜின் வாசல் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் டகல் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஆடு வாங்கியவர். "மூணு ஆடு குறையுதுப்பா. நானும் என் மகனும் மாத்தி மாத்தி எண்ணிட்டோம். ஏழுதான் வருது."

டகல் ஒரு மூச்சுகூட விடாமல் சொன்னான்: "கொட்டகை மூலைல மூணு நின்னுபோச்சு. நானே கொண்டாரேன்."

தன் வீட்டுக்குப் பின்னால் சும்மா மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளில் மூன்றைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆறு தாண்டிப் போய் இறக்கிவிட்டு வந்தான். வழியெல்லாம் அந்த மூன்றும் பின்கண்ணாடி வழியாக அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தன. நான் அடித்துச் சொல்வேன், அவற்றில் ஒன்று தலையைக்கூட ஆட்டியது.

லோர்னாவிடம் எது தப்பும்? சுட்ட ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தவள் வேலியோரம் நின்று பார்த்தாள். "ஆடு குறைஞ்சிருக்கேண்ணா?"

"நரி."

"மூணையுமா? நீ வளர்த்த கடா ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி மாதிரி இருக்குமே. நரி வண்டி கிண்டி வச்சிருக்கா?"

"பெரிய நரி" என்றான் டகல். ஸ்கோன் தொண்டையில் நின்றது.

அதற்குப் பிறகுதான் லோர்னா ரெஜ்ஜை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அங்கிருந்து பெரிய டாக்டர், அவரிடமிருந்து மெல்பர்ன். நார்கொலெப்சி என்று பெயர் சொன்னார்கள். மூளையில் விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஏதோ ஒரு சரக்கு தீர்ந்துபோயிருக்கிறதாம். சிரித்தால் முட்டி தொய்வதும் அதே நோய்தானாம். சோம்பலுமில்லை, பியருமில்லை. பப்பில் இதைக் கேட்டதும் ஓரிருவர் தங்கள் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள். டகல் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

மெல்பர்ன் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி. இந்த நோய் உள்ளவர்கள் கவனத்தை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில், நோயில்லாத ஒருவரும் வேண்டும்.

"நீ போறே" என்றாள் லோர்னா.

"நானா? எனக்கு..."

"உனக்கு என்ன? நீதான் எப்பவும் முழிச்சிருக்கிற ஆளாச்சே. அவரால வண்டி ஓட்டவும் முடியாது. போ."

போனார்கள். ஊர் எல்லைப் பலகையைத் தாண்டுமுன் ரெஜ் தூங்கிவிட்டான். தூக்கத்தை அடக்க டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைச் சோதனைக்காக நிறுத்தியிருந்தார்கள்.

டாக்டர் லியோங் சின்னப் பெண். எங்கள் ஊர் நாய்க்குட்டி ஒன்று அவளைவிட எடை கூட இருக்கும். ஆனால் கேள்வி கேட்பதில் போலீஸ் தோற்றது. கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா, உடம்பில் ஆணி உண்டா, பொய்ப்பல் உண்டா? டகலுக்கு இருந்தது, கழற்றினான்.

"பொய் பல்லுல மட்டும்தானான்னு கேளுங்க டாக்டர்" என்றான் ரெஜ்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். டகலுக்குக் காதுவரை சுட்டது.

வேலை எளிது. படுத்தபடி, மூளையைப் படம் எடுக்கும் காந்தக் குழாய்க்குள் போகவேண்டும். கண்ணுக்கு எதிரே ஒவ்வொன்றாக எண் வந்து வந்து போகும். எந்த எண் வந்தாலும் கையிலுள்ள பொத்தானை அமுக்கவேண்டும். மூன்று வந்தால் மட்டும் அமுக்கக்கூடாது.

ரெஜ் பதறிப்போனான். "ஏம்மா, வாழ்க்கை பூரா மூணு மூணா எண்ணி வந்தவங்க நாங்க. மூணை மட்டும் விடச்சொன்னா எப்படி? அஞ்சை விடட்டுமா?"

"மூணுதான்" என்றாள் டாக்டர். "பழக்கம் இழுக்கும். அதை மீறி நிக்கறதுக்குப் பேருதான் கவனம்."

முதலில் டகல். குழாய்க்குள் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல் சத்தம். எண்கள் வந்தன. ஏழு, அமுக்கினான். இரண்டு, அமுக்கினான். ஒன்பது, அமுக்கினான். மூன்று வந்தது. பிக்கப்பின் பின்கண்ணாடி வழியாக மூன்று முகங்கள் அவனைப் பார்த்தன. கட்டைவிரல் தானாக இறங்கியது. அடடா என்று நினைப்பதற்குள் இன்னும் இரண்டு எண்கள் போய்விட்டன. எட்டு, அமுக்கினான். மூன்று. மறுபடியும் அமுக்கினான். நன்றாக விழித்திருக்கிற, நோய்நொடி இல்லாத, தூக்கமே வராத மனிதன் ஒருவன் அந்தக் குழாய்க்குள் மூன்றைக் கண்டபோதெல்லாம் வியர்த்து வழிந்தான். நடுநடுவே, "இப்ப ஒண்ணும் செய்யவேண்டாம், சும்மா இருங்க" என்று குரல் வரும். அப்போதுதான் மூன்று ஆடுகளும் வசதியாக உட்கார்ந்து அசைபோடும்.

அடுத்து ரெஜ். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து டகல் பார்த்தான். ரெஜ்ஜின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல்கள் விறைத்து நின்றன, ஓடும் குதிரையில் கால் ஊன்றி நிற்பவனைப்போல். நடுவில் ஒருமுறை அவன் தூங்கிவிட, பேச்சுக் கொடுத்து எழுப்பி மறுபடி தொடங்கினார்கள்.

வெளியே வந்ததும் ரெஜ் கேட்டான்: "எப்படிம்மா? நான் ரொம்பத் தப்பு பண்ணிட்டேனா?"

"உங்க ரெண்டு பேர்ல யாரு அதிகம் தப்பு பண்ணினாங்கன்னு நான் சொல்லக்கூடாது" என்றாள் டாக்டர். சொல்லும்போது டகல் பக்கம் திரும்பவே இல்லை. அது சொன்னதற்குச் சமம்.

ரெஜ் உடை மாற்றப் போனபோது டகல் நெருங்கி உட்கார்ந்தான். "ஒருத்தன் தூங்கிக்கிட்டே ஆடு எண்ண முடியுமா டாக்டர்? சரியா?"

முடியாது என்று அவள் சொல்லிவிடவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான்.

அவள் யோசித்தாள். "கை பழகின வேலையை இவங்க தூக்கத்துலயும் செஞ்சுக்கிட்டே போவாங்க, அது உண்டு. ஆனா பெரும்பாலும் தப்பாத்தான் செய்வாங்க. ஒரு அம்மா பாத்திரத்தையெல்லாம் கழுவி துணி அலமாரில அடுக்கிட்டாங்க. சரியா எண்ணினாருன்னு யாராவது சொன்னா, எனக்கு ஆதாரம் வேணும்."

அப்பாடா என்றிருந்தது டகலுக்கு. ஒரு நொடிதான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "ஒருத்தரை வச்சு முடிவு சொல்ல முடியாது. பல பேர்கிட்ட நாங்க தேடறது இதைத்தான்: சும்மா இருங்கன்னு சொன்னா நம்ம மூளை சட்டுன்னு கைகாலை நீட்டிப் படுத்துடும். இவங்க மூளை அப்பக்கூட காவலை விடறதில்லையோன்னு ஒரு சந்தேகம். நீங்களும் நானும் சுலபமா முழிச்சிருக்கோம். இவர் ஒவ்வொரு நிமிஷமும் கதவை முட்டுக்கொடுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. அவரைச் சோம்பேறின்னு யாராவது சொல்லியிருந்தா, ரொம்ப அநியாயம்."

டகல் தன் பொய்ப்பல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயில் போட மறந்துவிட்டது.

திரும்பும் வழியில், கோதுமை வெட்டிய வெட்டவெளி இருபுறமும் ஓட, டகல் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான், பக்கத்தில் பார்க்கத் தைரியமில்லை. "நீ தூங்கறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னேன் மச்சான். நான் எண்ணவே இல்லை. சும்மா ஒரு நம்பர் சொன்னேன். ஆத்துக்கு அந்தப்பக்கத்துக்காரர் போன் பண்ணினார், நீ சொன்னதுதான் சரி. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். நீ என்னை அடிச்சாலும் சரி." மூக்கைச் சிந்தினான். மன்னிப்புக் கேட்டு அவன் அழுத அழுகையில் அந்த வருஷம் எங்கள் விம்மெரா வட்டாரம் முழுக்கப் பயிர் நன்றாக விளைந்தது.

திரும்பிப் பார்த்தான். ரெஜ் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் டகலுக்கு முதலில் வந்தது ஓர் ஆறுதல்: சொல்லியாயிற்று, கேட்காதது அவன் பாடு. அடுத்த மைல் கல் வருவதற்குள் அந்த ஆறுதலை நினைத்து அவனுக்கே அருவருப்பாயிற்று. முன்பு ஒரு குற்றம் இருந்தது, இப்போது இரண்டு.

அடுத்த சந்தைக்கு வாசலில் யார் நிற்பது என்று முடிவுசெய்ய, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பப்பில் கமிட்டி கூடியது. ரெஜ்ஜுக்கு மறுபடி கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்தது. அவனைத் திரும்ப நிறுத்தலாம் என்று லோர்னா கேட்டிருந்தாள். பெர்ஸ் தட்டிலிருந்த கறியை வெட்டியபடி, "எனக்கும் ஆசைதான். ஆனா போன தடவை மூணு ஆடு..." என்று இழுத்தார்.

"அவர் எண்ணினது சரி" என்றாள் லோர்னா. "தூங்கிக்கிட்டே எண்ணினார், சரியா எண்ணினார். பாதி ஊரு நம்புது."

"பாதி ஊரு பியர் குடிச்சுட்டு நம்புது லோர்னா. டகல் நம்பலையே. எதிர்ல நின்னவன் அவன்தானே?"

எல்லோரும் டகலைப் பார்த்தார்கள். டகல் வாயைத் திறந்தான். அதற்குள் ரெஜ் எழுந்துவிட்டான். எழுந்தவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்க. லோர்னா பிரியத்துல பேசறா. நான் தூங்கினது நிஜம். அந்தக் குழாய்க்குள்ள போயிட்டு வந்தப்புறம் எனக்கே தெரியுது, என் தலை எப்ப என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதுன்னு. மூணு ஆட்டை நான்தான் விட்டிருக்கணும். டகல் அன்னிக்கு உள்ளதைச் சொன்னான். சொந்த மச்சானா இருந்தும் பக்கம் பேசாம சொன்னான். அதுக்காக லோர்னா அவன்கிட்ட முறைச்சுக்கிட்டிருக்கா. அது தப்பு." டகலைப் பார்த்துத் தலையசைத்தான். "மன்னிச்சுக்கோ மச்சான். வாசல்ல நீயே நில்லு. நீதான் நிக்கணும்."

டகலின் முள்கரண்டி தட்டில் விழுந்த சத்தம் சமையலறைவரை கேட்டது.

"உட்காருடா" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "உட்காரு, இல்லாட்டி நான் விழுந்துடுவேன்."

ரெஜ் உட்கார்ந்தான்.

"பெர்ஸ், மூணு ஆடு குறையலை. குறையவே இல்லை. ஆடு வாங்கினவர் மாத்தி மாத்தி எண்ணிட்டு எனக்குப் போன் பண்ணினார். ஏழுதான். கொட்டகை மூலைல நின்னுபோச்சுன்னு சொல்லி என் ஆட்டையே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

லோர்னா தட்டைத் தள்ளி வைத்தாள்.

பெர்ஸ் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நீ எண்ணின பத்து?"

"நான் எங்க எண்ணினேன்?"

"எதிர்லதானே நின்னே? முழிச்சுக்கிட்டுதானே இருந்தே?"

"நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்." டகல் ரெஜ்ஜின் முகத்தைப் பார்த்தே சொன்னான், இந்தத் தடவை ரோட்டைப் பார்க்கவில்லை. "இவன் கண்ணு மூடியிருந்துச்சு. எச்சி வழிஞ்சுது. குறட்டையும் கேட்டுது. ஆனா விரல் தட்டிக்கிட்டே இருந்துச்சு, நூறு ஆனா கல்லு மாறிக்கிட்டே இருந்துச்சு. தூங்கிக்கிட்டேதான் எண்ணினான் பெர்ஸ், ஒண்ணுகூடத் தப்பலை. நடந்ததுய்யா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அதைப் பார்த்துக்கிட்டே நின்னதாலதான் ஆட்டைப் பார்க்கலை."